பழைய கேசட்டில் தமிழ் டப்பிங் கார்ட்டூன்: மீட்டவர்களின் அனுபவப் பகிர்வு

படம் எப்படியும் எங்காவது கிடைத்துவிடும். கிடைக்காதது தமிழ்க் குரல். டோராவின் குரங்கு 'பூட்ஸ்' தமிழில் 'புஜ்ஜி' ஆனது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்தக் காலத்துத் தமிழ் டப்பிங் பலவும் இன்று ஓடிடியில் இல்லை. அதனால் டிவியிலிருந்து பதிவு செய்த விஎச்எஸ் கேசட்டைப் பழைய பேப்பர்காரருக்குப் போடாதீர்கள்.

முதலில் கேசட் ஜன்னல் வழியே டார்ச் அடித்துப் பாருங்கள். சுருளின் விளிம்பில் வெள்ளைப் பொடி தெரிந்தால் பூஞ்சை. அதை விசிஆரில் (கேசட் ஓட்டும் கருவி) போட்டால் டேப்பைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும். சுத்தமாக இருந்தால் ஒருமுறை கடைசி வரை ஓட்டி, திரும்பச் சுற்றிவிட்டுப் பிளே செய்யுங்கள். வருஷக்கணக்காகக் கிடந்த டேப் ஒரே சீராகச் சுற்றியிருக்காது.

---

ஹெட் துடைக்கும்போது காது குடையும் பட்ஸ் வேண்டவே வேண்டாம், பஞ்சு இழை மாட்டிக்கொள்ளும். 99% ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த வெள்ளைத் தாளை ஹெட் பொருத்திய உருளைமேல் அசையாமல் பிடித்து, உருளையைக் கையால் சுற்ற வேண்டும். தாளை மேலும் கீழுமாக இழுத்தால் ஹெட் உடையும். 70% பாட்டிலில் மீதி தண்ணீர், அது சரிப்படாது.

விசிஆரைக் கணினியோடு இணைக்கும் யூஎஸ்பி டாங்கிளில் படம் கறுப்பு வெள்ளையாக வந்தாலோ உருண்டாலோ பயப்படாதீர்கள். பதிவு மென்பொருள் அமெரிக்க டிவி முறையான என்டிஎஸ்சியில் (NTSC) இருக்கும், நம்மூர் முறையான பால்-பி (PAL-B) என்று மாற்றுங்கள். 720×576, நொடிக்கு 25 ஃபிரேம். தரம் இழக்காமல் சுருக்கும் கோடெக்கில் மணிக்குச் சுமார் 30 ஜிபி ஆகும். படத்தின் அடியில் நெளியும் சில வரிகள் ஹெட் மாறும் இடம். எல்லா விஎச்எஸ்ஸிலும் உண்டு, விசிஆரின் டிராக்கிங் குமிழைத் திருகிப் பயனில்லை. போகப்போக ஒலி விலகினால் டாங்கிள் ஃபிரேம்களைத் தவறவிடுகிறது என்று அர்த்தம். விசிஆருக்கும் டாங்கிளுக்கும் நடுவில் ஒரு பழைய டிவிடி ரெக்கார்டரைக் கோத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

---

தமிழ் ஒலியைப் புதிய எச்டி படத்தோடு சேர்க்கிறவர்கள் வழுக்கி விழுவது இங்கேதான். நொடிக்கு 24 ஃபிரேம் படத்தைப் பால் முறை டிவியில் 25 ஆக ஓட்டுவார்கள். 22 நிமிடம் ஓடவேண்டியது 21 நிமிடம் 7 நொடியில் முடியும், பாட்டும் அரைச்சுரத்தில் சுமார் முக்கால் பங்கு ஏறிக் கேட்கும். அசல் வேகத்தில் டைட்டில் பாட்டைக் கேட்டால் இன்று 'என்னமோ இறங்கிப் போச்சே' என்று தோன்றுவது பிரமை இல்லை.

ஒலி திருத்தும் மென்பொருளான ஆடாசிட்டியில் 'சேஞ்ச் டெம்போ': எச்டி படம் 23.976 ஃபிரேம் என்றால் மைனஸ் 4.096, சரியாக 24 என்றால் மைனஸ் 4. 'சேஞ்ச் ஸ்பீட்' கூடாது, அது சுருதியையும் மாற்றிவிடும். வேகம் கூட்டிய பால் படத்தைப் பார்த்தே டப்பிங் பேசியிருந்தால் குரல் இயல்பான சுருதியில்தான் இருக்கும். ஸ்பீடைக் குறைத்தால் சின்னப் பிள்ளைக் குரல்கூட கட்டையாகிவிடும்.

---

ஒரு திருத்தம். எல்லாத் தொடரும் அப்படி வேகம் கூட்டியது இல்லை. என்டிஎஸ்சி டேப்பிலிருந்து மாற்றி ஒளிபரப்பியதும் உண்டு, அதில் நீளம் மாறாது. ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்திப் பாருங்கள்: ஓடும் கதாபாத்திரத்துக்கு இரட்டைக் கோடு, பேய் நிழல் மாதிரி தெரிந்தால் அந்த வகை. அதற்கு டெம்போவைத் தொடவே வேண்டாம். விளம்பர இடைவெளியில் வெட்டி ஒவ்வொரு துண்டாகப் பொருத்தினால் போதும்.