யூஎஸ்பி போர்ட்டில் 500 மில்லிஆம்பியரைத் தாண்டினால் லேப்டாப் எரியுமா?

சாலிடர்சாமி: "வெளி ஹார்ட் டிஸ்க்கை லேப்டாப் யூஎஸ்பியில் மாட்டாதீர்கள், 500 மில்லிஆம்பியரைத் தாண்டினால் மதர்போர்டு எரிந்துவிடும்" என்று ஒருவர் அருள்வாக்கு சொல்லியிருக்கிறார். 500 என்பது யூஎஸ்பி 2.0 கணக்கு. 3.0-க்கு 900. எந்தக் காலத்தில் இருக்கிறீர்கள் சார்?

மின்மினி77: அந்த ஒருவர் நான்தான். பெயர் சொல்லியே திட்டலாம். 500 என்றால் 500தான்.

சாலிடர்சாமி: 2.0-விலேயே மாட்டிய உடனே 500 கிடையாது. முதலில் 100. லேப்டாப்பிடம் கேட்டு, அது சரி என்ற பிறகுதான் 500. 3.0-வில் 150-இல் தொடங்கி 900. இதையெல்லாம் யார் படிப்பது!

மின்மினி77: மலிவு யூஎஸ்பி ஃபேன் யாரிடம் அனுமதி கேட்கிறது? அது பாட்டுக்கு கரண்ட்டை இழுக்கிறது. எத்தனை போர்ட் மாற்றிய கை இது தெரியுமா?

சாலிடர்சாமி: ஃபேனைப் பற்றி யார் பேசினார்கள்? டிஸ்க்குக்கு வாருங்கள்.

கேபிள்குட்டி: அண்ணே, பழைய 2.5 இன்ச் டிஸ்க் சுழலத் தொடங்கும்போது ஒரு ஆம்பியர் வரை இழுக்குமே? நான் இரண்டு போர்ட்டில் மாட்டி கரண்ட் எடுக்கும் இரண்டு தலை ஒய் கேபிள்தான் போடுகிறேன்.

சாலிடர்சாமி: தம்பி, அந்த இழுப்பு சில நொடிதான். பெரும்பாலான போர்ட்டுகள் தாங்கும். ஒய் கேபிள் யூஎஸ்பி விதிப்படி செல்லாது, தூக்கிப் போடு.

மின்மினி77: நான் விதி என்றால் கிண்டல், இவர் சொன்னால் வேதம்!

கேபிள்குட்டி: டிஸ்க் வாங்கும்போது பெட்டியிலேயே வந்த கேபிள் அண்ணே...

சாலிடர்சாமி: பெட்டியில் வந்தால் விதி மாறிவிடுமா? போர்ட்டுக்குப் பின்னால் பாலிஃபியூஸோ (தானே மீண்டுகொள்ளும் ஃபியூஸ்), கரண்ட்டைக் கட்டுப்படுத்தும் ஐசியோ (சிப்) இருக்கும். மீறினால் போர்ட் அணையும். கரண்ட் போதாவிட்டால் டிஸ்க் 'டிக் டிக்' என்று திணறும், எழுதிக்கொண்டிருந்த ஃபைல் கெடும். பயப்பட வேண்டியது அதற்கு. மதர்போர்டுக்கு அல்ல.

மின்மினி77: மட்டமான போர்டில் அந்த ஐசி இருக்கும் என்று எழுதித் தருவீர்களா? யூபிஎஸ் பேட்டரி விஷயத்திலும் இப்படித்தான் அடித்துப் பேசினீர்கள்.

சாலிடர்சாமி: அதை இன்னும் மறக்கவில்லையா? அதிலும் நான் சொன்னதுதான் சரி.

ஓரமாநிற்பவன்: டைப்-சி என்ற புது வகை யூஎஸ்பி போர்ட்டில் 3 ஆம்பியர், அதாவது 15 வாட் வரை போகலாம். இன்னும் எதற்கு 500?

சாலிடர்சாமி: எல்லா டைப்-சியும் 3 தராது. அரைகுறையாகச் சொல்லாதீர்கள்.

ஓரமாநிற்பவன்: "வரை" என்றுதானே எழுதினேன். கண்ணாடி போட்டுப் படியுங்கள்.

மின்மினி77: யார் என்ன சொன்னாலும் 500தான். என் கடைக்கு வரும் லேப்டாப்புக்கெல்லாம் அதுதான் கணக்கு.

சாலிடர்சாமி: அப்போ உங்கள் கடை லேப்டாப்பில் நீல நிற 3.0 போர்ட்டே கிடையாதா சார்?