‘சில்லிங் எஃபெக்ட்’: தமிழில் எப்படிச் சொல்வது?

கோ., மதுரை (சட்ட விரிவுரையாளர்):

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

தமிழ்வழிச் சட்ட மாணவர்களுக்காக பேச்சுரிமையைத் தரும் அரசமைப்பின் 19ஆம் உறுப்பைப் பற்றி ஒரு பாடக் கையேடு தொகுத்து வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குக் கொடுத்தாக வேண்டும். மற்றச் சொற்களுக்கெல்லாம் ஏதோ ஒரு வழி கிடைத்துவிட்டது. ‘சில்லிங் எஃபெக்ட்’ மட்டும் பிடிபடவில்லை. சட்டத்துக்கு அஞ்சி மக்கள் தாமாகவே பேசாமல் இருந்துவிடுவதை அது குறிக்கிறது; சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘குளிர்விக்கும் விளைவு’.

2012 நவம்பரில் மகாராஷ்டிரத்தின் பால்கர் என்ற ஊரில், ஒரு கடையடைப்பைக் கேள்வி கேட்டு ஃபேஸ்புக்கில் எழுதிய இளம்பெண்ணும், அதற்கு விருப்பக்குறி இட்ட அவருடைய தோழியும் கைதானது உங்களுக்கு நினைவிருக்கும். அந்த வழக்கில் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவும் சேர்க்கப்பட்டது. ‘எரிச்சல்’, ‘வசதிக்குறைவு’ போன்று எல்லையே இல்லாத சொற்களைக் குற்றமாக்கி, மூன்று ஆண்டு வரை சிறை என்று சொன்ன அந்தப் பிரிவை, 2015 மார்ச் 24 அன்று ஸ்ரேயா சிங்கல் வழக்கில் நீதிபதிகள் செலமேஸ்வர், நாரிமன் ஆகியோரின் அமர்வு முழுவதுமாக நீக்கியது. அன்று கைதானவர்கள் இருவர்தாம். அந்தச் செய்தியைப் படித்துவிட்டுத் தாம் எழுதியதை அழித்தவர்களும் எழுத நினைத்ததையே கைவிட்டவர்களும் எந்தக் காவல்நிலையப் பதிவேட்டிலும் இருக்க மாட்டார்கள். அவர்களுக்கு நேர்ந்ததற்குத்தான் நான் பெயர் தேடுகிறேன்.

சென்ற தேர்வில் ஒரு மாணவி, “இச்சட்டம் பேச்சுரிமையைக் குளிர்விக்கிறது” என்று எழுதியிருந்தார். பக்கத்தில் அமர்ந்து திருத்திக்கொண்டிருந்த ஆசிரியர் அந்த வரியைப் படித்துவிட்டு, சட்டம் பேச்சுரிமைக்கு நன்மை செய்கிறது என்று மாணவி வாதிடுவதாகவே எடுத்துக்கொண்டார். அவரைக் குறை சொல்ல முடியவில்லை.

---

புலவர் சி., தஞ்சாவூர்:

அன்புள்ள ஐயா,

அந்த ஆசிரியர் சரியாகவே படித்திருக்கிறார். கண் குளிரக் காண்கிறோம், உளம் குளிர வாழ்த்துகிறோம், அரசன் குடிகள்மேல் காட்டும் அருளுக்குத் ‘தண்ணளி’ என்றே பெயர். வெயில் காயும் நாட்டில் பிறந்த மொழிக்குக் குளிர்ச்சி அருளாகத்தான் இருக்கும். நமக்கு அச்சம் சூட்டிலிருந்து வருகிறது. சூடு கண்ட பூனை அடுப்பங்கரையை அண்டாது என்கிறோம். ஆகவே ‘குளிர்’ என்ற வேரையே விட்டுவிட வேண்டும்.

என் பரிந்துரை ‘சொற்கூம்பல்’. மலர்தலும் கூம்பலும் இல்லது அறிவு என்பது குறள். மாலையில் தாமரை இதழ்களை யாரும் பிடித்து மூடுவதில்லை. வெளிச்சம் குறைவதை உணர்ந்து அது தானே கூம்புகிறது. கப்பலின் பாய்மரத்தைப் புறநானூறு ‘கூம்பு’ என்கிறது. அடியில் அகன்று நுனியில் குறுகும் எல்லாவற்றுக்கும் பொதுவான வேர் இது என்பது என் நெடுநாளைய எண்ணம். குவி, கும்பு, குமிழ் ஆகியவற்றையும் இதனோடு வைத்துப் பார்க்கலாம். விரும்பினால் தனி மடலில் விரித்து எழுதுகிறேன்.

---

ம., சென்னை (செய்தி ஆசிரியர்):

புலவர் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

தாமரை உவமை என்னைத் தொட்டது. ஆனால் இன்றைய மாணவனுக்குக் கூம்பு என்றால் உருளை, கோளம் ஆகியவற்றோடு படித்த கணக்குப் பாடம். திருவிழாக் காலத்தில் எங்கள் மேசைக்கு வரும் காவல்துறைச் செய்திக் குறிப்புகளிலோ ‘கூம்பு வடிவ ஒலிபெருக்கிக்குத் தடை’ என்ற வரி இருக்கும். பேச்சுரிமைக் கையேட்டில் ‘சொற்கூம்பல்’ என்று கண்டால் அந்தத் தடைதான் பலருக்கு நினைவுக்கு வரும்.

‘வாய்ப்பூட்டு’ என்ற சொல் ஏற்கெனவே மக்கள் வாயில் இருக்கிறது. வாய்ப்பூட்டுச் சட்டம் என்று மேடைகளில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். இருக்கும் சொல்லை விட்டுவிட்டுப் புதுச்சொல் ஆக்குவது ஏன்?

---

கோ., மதுரை:

மதிப்பிற்குரிய ம. அவர்களுக்கு,

பூட்டு என்றால் பூட்டியவர் ஒருவர் உண்டு, பூட்டப்பட்ட வாயும் உண்டு. ‘கிராஸ் ரோட்ஸ்’ இதழ் சென்னை மாகாணத்துக்குள் வரக்கூடாது என்று அன்றைய அரசு தடுத்ததே, 1950இல் உச்ச நீதிமன்றம் அந்த ஆணையை ரமேஷ் தாப்பர் வழக்கில் நீக்கியதே, அது வாய்ப்பூட்டு. ஆணை இருந்தது, பாதிக்கப்பட்ட இதழும் இருந்தது, ஆகவே வழக்குத் தொடுக்க முடிந்தது. நான் சொல்லும் நிலையில் ஆணை யார் பெயருக்கும் வருவதில்லை. எது குற்றம் என்று தெளிவாகத் தெரியாததால் அஞ்சியவர், குற்றமே இல்லாததையும் சேர்த்து விழுங்கிவிடுகிறார். விவாதித்தல், ஒரு கருத்துக்காகப் பரிந்து பேசுதல், தூண்டிவிடுதல் என்று மூன்றாகப் பிரித்து, தூண்டுதல் என்ற நிலையை எட்டும்போதுதான் கட்டுப்பாட்டுக்கு இடம் உண்டு என்று 2015 தீர்ப்பு சொன்னது. கோடு எங்கே என்று தெரியாதவர் முதல் படியிலேயே நின்றுவிடுகிறார். பூட்டு என்ற சொல் இதைக் காட்டாது.

---

தே., கோயம்புத்தூர் (மொழியியல்):

அனைவருக்கும் வணக்கம்.

கோ. ஐயா சொன்ன வேறுபாடு நம் இலக்கணத்திலேயே இருக்கிறது. ஒடுங்கு என்பது தன்வினை, ஒடுக்கு என்பது பிறவினை. அடங்கு–அடக்கு, முடங்கு–முடக்கு என்பவையும் அப்படியே. நமக்கு வேண்டியது தன்வினைப் பெயர். ஆனால் ‘ஒடுக்கம்’, ‘அடக்கம்’, ‘முடக்கம்’ என்று பெயராக்கும்போது மெல்லொற்று வல்லொற்றாகிவிடுவதால், தானே ஒடுங்கினாரா, ஒடுக்கப்பட்டாரா என்பது மறைந்துவிடுகிறது. ‘அடக்கம்’ பண்பையும் குறிக்கிறது. ‘நாவடக்கம்’ என்று எழுதினால், நாகாக்கச் சொன்ன வள்ளுவரின் வழியில் மாணவர்கள் இதை நல்லொழுக்கமாக எண்ணிக்கொள்வார்கள். ‘அடங்கல்’ என்றோ கிராம நிர்வாக அலுவலரின் பதிவேட்டுக்குப் பெயர்.

ஆகவே ‘பேச்சொடுங்கல்’ என்பதை முன்வைக்கிறேன். ஒடுங்கியது பேச்சு, ஒடுங்கக் காரணம் சட்டம் என்று ஒரே தொடரில் எழுத முடியும்: “தெளிவற்ற சட்டம் பேச்சொடுங்கலை விளைவிக்கிறது.”

---

வி., திருச்சி (மொழிபெயர்ப்பாளர்):

தே. அம்மாவின் இலக்கணம் சரியானது. இருந்தாலும், விளக்கம் சொன்ன பிறகுதான் ஒரு சொல் விளங்கும் என்றால், தேர்வறையில் விளக்கம் சொல்ல யார் இருப்பார்கள்? பிரமாண வாக்குமூலத்தை ‘அஃபிடவிட்’ என்றே நீதிமன்ற வளாகத்தில் எல்லோரும் சொல்கிறார்கள். இதையும் ‘சில்லிங் எஃபெக்ட்’ என்று எழுதிவிட்டு முதல் முறை மட்டும் விளக்கினால் போதும். தமிழ்ச்சொல் இருந்தே ஆக வேண்டுமென்றால் ‘அச்சத் தயக்கம்’. படித்தவுடன் புரியும்.

---

புலவர் சி., தஞ்சாவூர்:

ஆங்கிலத்தை அப்படியே எழுதுவதற்கு நான் உடன்பட மாட்டேன். தன் உரிமை பறிபோனதைத் தன் மொழியில் சொல்ல முடியாதவனுக்கு அந்த உரிமை பாதியே கிடைத்திருக்கிறது. ‘கூம்பல்’ ஏற்கப்படாததில் எனக்கு வருத்தம் இல்லை. ‘பேச்சொடுங்கல்’ நல்ல ஆக்கம். ‘அச்சத் தயக்கம்’ என்பதற்கும் எதிர்ப்புச் சொல்லவில்லை.

---

கோ., மதுரை:

அன்புள்ள நண்பர்களுக்கு,

அச்சகத்திலிருந்து இரண்டு முறை அழைத்துவிட்டார்கள். நேற்று வகுப்பில் இரண்டு சொற்களையும் கரும்பலகையில் எழுதி, விளக்கம் தராமல், ஒவ்வொன்றுக்கும் ஓர் எடுத்துக்காட்டு எழுதச் சொன்னேன். ‘பேச்சொடுங்கல்’ என்பதற்குப் பலர், முதியவருக்கு நோயில் பேச்சு நின்றுபோவதை எழுதினார்கள். ‘அச்சத் தயக்கம்’ என்பதற்கு ஒருவர், ஊராட்சித் தண்ணீர்த் தொட்டியைப் பற்றி வாட்ஸப் குழுவில் எழுதிவிட்டு, அண்ணன் திட்டியதால் உடனே நீக்கியதை எழுதினார். ஆகவே ‘அச்சத் தயக்கம்’ என்றே அச்சுக்குக் கொடுக்கிறேன்.

---

தே., கோயம்புத்தூர்:

ஐயா, பெரும்பான்மையை ஏற்கிறேன். என் மறுப்பையும் பதிந்து வையுங்கள்.

தயங்குவது மனத்தின் இயல்பு. பரிசு வாங்க மேடை ஏறவும் தயங்குகிறோம். ‘தயக்கம்’ என்று எழுதினால், அது பேசாதவரின் குறை, துணிவிருந்தால் பேசியிருக்கலாமே என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எளிதாகச் சொல்லிவிடுவார். 66ஏ நீக்கப்பட்ட பிறகும் பல ஆண்டுகள் காவல்நிலையங்களில் அதே பிரிவில் வழக்குகள் பதிவாகிக்கொண்டிருந்ததையும், இனி யார்மீதும் அதன்கீழ் வழக்கு நடத்தக்கூடாது என்று 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் உத்தரவிட வேண்டியிருந்ததையும் நீங்கள்தாம் வகுப்பில் சொல்கிறீர்கள். இல்லாத சட்டத்தின் பெயரால் வழக்கு வரும் நாட்டில் வாயை மூடிக்கொண்டவரைத் தயங்கியவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அச்சு முடியவில்லை என்றால், முதல் இடத்திலாவது ‘சட்டம் விளைவிக்கும் அச்சத் தயக்கம்’ என்று முழுமையாகச் சேருங்கள்.