ஊர் திரும்பும்போது மெடிகேர் பார்ட் பி எடுக்க வேண்டுமா?

கூடல்நகர்:
நவம்பர் 19-ல் எனக்கு 65 முடிகிறது. டிசம்பரோடு வேலையை விட்டுவிட்டு மதுரைக்கே போய்விடலாம் என்றிருக்கிறோம். இங்கே அமெரிக்காவில் 26 வருஷம் வேலை பார்த்தாயிற்று. 65 வயதானவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரில், 10 வருஷம் வரி கட்டியிருந்தாலே பார்ட் ஏ-வுக்கு (ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் ஆகும் செலவு) பிரீமியம் கிடையாது, அதனால் அதைப் பதிந்துவிடுவேன். பார்ட் பி-தான் (டாக்டர் பீஸ், ஸ்கேன் போன்றவை) குழப்பம். 2025-ல் அதற்கு மாதம் 185 டாலர் இருந்தது. மதுரை ஆஸ்பத்திரியில் மெடிகேர் செல்லாது. பிறகு எதற்குக் கட்டுவது? வேண்டாம் என்றே தோன்றுகிறது.

எடிசன்வாசி:
ஐயா, தயவுசெய்து எடுத்துவிடுங்கள். உங்களுக்குப் பிப்ரவரி கடைசி வரை நேரம் இருக்கிறது. 65 முடியும் மாதம், அதற்கு முன்னே 3, பின்னே 3, ஆக 7 மாதம். வேலையில் இருந்தவர்களுக்கு, வேலையோ கம்பெனி காப்பீடோ நின்றதிலிருந்து 8 மாதம் தனியாக உண்டு. அதையும் விட்டால் ஒவ்வொரு முழு 12 மாதத்துக்கும் 10 சதவீதம் அபராதம், ஆயுள் முழுக்க. ஓய்வுபெற்று இந்தியாவில் இருந்தேன் என்று சொல்லி அதிலிருந்து தப்ப முடியாது.

கணக்குப்பிள்ளை:
அபராதம் என்ற சொல்லுக்கே பயப்பட வேண்டாம். அந்த 185-ஐ வைத்தே கணக்குப் போட்டுப் பாருங்கள். 5 வருஷம் கட்டாவிட்டால் மிச்சம் 11,100 டாலர். அபராதம் 50 சதவீதம், அதாவது மாதம் 92.50. மிச்சம் பிடித்தது கரைய 120 மாதம் ஆகும். 3 வருஷமானாலும் 8 வருஷமானாலும் அதே 120 மாதம்தான் வரும். சார் 70 வயதில் திரும்பினால் 80 வரை கைநஷ்டமில்லை. திரும்பவே இல்லையென்றால் முழுப் பணமும் மிச்சம்.

எடிசன்வாசி:
பிரீமியம் அப்படியே நிற்காதே! 2015-ல் 104.90, 2025-ல் 185. அபராதமும் அன்றன்றைய பிரீமியத்தின் மேல்தான், அதனால் உங்கள் 120 மாதம் சுருங்கும்.

ஆனால் நான் பயப்படுவது அபராதத்துக்கு அல்ல. என் அம்மா பார்ட் ஏ மட்டும் வைத்துக்கொண்டு கோவைக்குப் போனார். 2023 ஏப்ரலில் மார்பில் கட்டியோடு திரும்பி வந்தார். தவறவிட்டவர்கள் ஜனவரி 1 முதல் மார்ச் 31 வரைதான் பதிய முடியும். 2024 ஜனவரியில் பதிந்தோம், பிப்ரவரியில்தான் தொடங்கியது. பார்ட் ஏ படுக்கையில் சேர்த்தால்தான் கொடுக்கும். டாக்டர் பீஸ், ஸ்கேன், வந்துபோய் ஏற்றிக்கொள்ளும் கீமோ எல்லாம் பார்ட் பி. பார்ட் ஏ கையில் இருப்பதால் ஒபாமாகேர் (அரசுச் சந்தை வழியாக விற்கும் தனியார் காப்பீடு) திட்டமும் அவருக்கு விற்கமாட்டார்கள். அந்தப் பத்து மாதச் செலவை இன்னமும் அடைத்துக்கொண்டிருக்கிறோம்.

கணக்குப்பிள்ளை:
அம்மா இப்போது நலமா அக்கா? உங்கள் கஷ்டத்தை நான் சின்னதாக்கவில்லை. ஆனாலும் மறுபக்கம் ஒன்று இருக்கிறது. மெடிகேர் விட்ட மிச்சத்தைக் கட்டுகிற மெடிகேப் பாலிசியை, உடம்பில் என்ன நோய் என்று கேட்காமல் தரும் காலம் பார்ட் பி தொடங்கியதிலிருந்து 6 மாதம்தான். இப்போது பார்ட் பி எடுத்துவிட்டு மதுரையில் உட்கார்ந்தால் அந்த 6 மாதம் அங்கேயே கழிந்துவிடும். திரும்பி வரும்போது முதன்முதலாக எடுத்தால் அப்போது புதிதாகக் கிடைக்கும். இந்தியாவில் நல்ல பாலிசி ஒன்று எடுங்கள், பார்ட் பி-க்குக் கட்டாத பணத்தை (மாதம் 185 என்றால் வருஷம் 2,220 டாலர்) தனிக் கணக்கில் போட்டு வையுங்கள். வைத்தியத்தையும் அங்கேயே பார்த்துக்கொள்ளலாம்.

கூடல்நகர்:
இரண்டு பேருக்கும் நன்றி. ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். எனக்குச் சர்க்கரை 12 வருஷமாக, போன வருஷம் ஒரு ஸ்டென்ட். மகள் டாலஸில் இருக்கிறாள். அவளுக்குப் பிள்ளை பிறந்தால் வருவோம், எத்தனை நாள் தங்குவோம் என்று தெரியாது.

கணக்குப்பிள்ளை:
இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நான் வேறு மாதிரி பேசியிருப்பேன் சார். ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு இந்தியப் பாலிசியில் 3 வருஷம் வரை காத்திருக்க வைக்கலாம். அந்த 3 வருஷமாவது பார்ட் பி இருக்கட்டும். உடம்பு திடமாக இருப்பவருக்கு மட்டும் என் கணக்கு இன்னும் செல்லும்.

எடிசன்வாசி:
திடமாகத்தான் அம்மாவும் விமானம் ஏறினார் தம்பி. ஐயா, டிசம்பரிலேயே பதிந்தால் ஜனவரி 1 முதல் தொடங்கிவிடும். சோஷியல் செக்யூரிட்டி (அமெரிக்க அரசின் ஓய்வூதியத் துறை) தளத்தில் நீங்களே செய்யலாம்.