சேத்ரி வெளிநாட்டில் நிலைக்காமல் போனது யாருடைய குறை?

ஆஃப்சைடு:
ரொம்ப நாளாக மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். இந்தியக் கால்பந்து அணியின் சுனில் சேத்ரி 95 சர்வதேச கோல் அடித்தவர், ரொனால்டோ, மெஸ்ஸி, அலி தாயி மூவருக்கும் அடுத்த இடம் அவருக்குத்தான் என்று ஒரு படம் அடிக்கடி சுற்றுகிறது. அதைப் பார்த்து நானும் பெருமைப்பட்டவன்தான். ஆனால் ஒரு ஃபார்வர்டு, அதாவது கோல் அடிக்க முன்னால் ஆடுகிறவர், எவ்வளவு தேறுவார் என்று தெரிய வேண்டுமானால் தன்னைவிட வலுவான டிஃபெண்டர்களோடு வாராவாரம் மோத வேண்டும். அந்த வாய்ப்பு சேத்ரிக்கு இரண்டு முறை கிடைத்தது. 2010இல் அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டி விசார்ட்ஸ் அணிக்குப் போனார், லீக்கில் ஒரு நிமிடம்கூட ஆடவில்லை. ஒரு கோப்பை ஆட்டத்தில் இறங்கினார், மான்செஸ்டர் யுனைடெட்டுடன் நடந்த நட்பு ஆட்டத்தில் கடைசி இருபது நிமிடம் ஆடினார். 2012இல் போர்ச்சுகலின் ஸ்போர்ட்டிங் கிளப், அதுவும் பி அணி, அதாவது இரண்டாம் நிலை அணி, சில ஆட்டங்கள்தான், கோல் கிடையாது. சோதனை வந்தது, தோற்றார். சேத்ரிக்கு முந்தைய ஃபார்வர்டு பாய்ச்சுங் பூட்டியா அப்படியா? 1999இல் இங்கிலாந்தின் பெரி கிளப்பில் மூன்று வருட ஒப்பந்தம், 37 லீக் ஆட்டங்கள், மூன்று கோல். ஐரோப்பாவில் ஆடிய முதல் இந்தியர். நம்முடைய பெரிய ஃபார்வர்டு யார் என்று கேட்டால் என் பதில் பூட்டியாதான்.

கண்டீரவா மேற்குப் படி:
மூன்று கோலை வைத்து 95 கோலை அடிக்கப் பார்க்கிறீர்கள்.

நீங்கள் விட்டுவிட்ட ஒன்றிலிருந்து ஆரம்பிக்கிறேன். 2009இல் லண்டனின் குவீன்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் சேத்ரியோடு மூன்று வருட ஒப்பந்தம் போட்டது. அப்போது அவருக்கு வயது 25, கால் வேகமாக இருந்த காலம். பிரிட்டன் வேலை அனுமதி மறுத்தது. காரணம் அவருடைய ஆட்டம் இல்லை, ஃபிஃபா தரவரிசையில் முதல் 70 இடங்களுக்குள் இந்தியா இல்லை என்பதுதான். ஒரு தேசம் மொத்தமும் வாங்கிய மதிப்பெண்ணுக்கு ஒரு ஆளைத் திருப்பி அனுப்பினார்கள். அந்தக் கதவு திறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் "சோதனை வந்தது, தோற்றார்" என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது.

கன்சாஸும் அப்படித்தான். 2011 ஜனவரியில் தோஹாவில் ஆசியக் கோப்பை. அதற்காகப் பயிற்சியாளர் பாப் ஹௌட்டன் மாதக்கணக்கில் முகாம் போட்டார், சேத்ரி அதற்கு வந்துவிட்டார். கிளப்பில் இடம் பிடிக்க வேண்டிய நேரத்தை நாட்டு அணிக்குக் கொடுத்தார். அங்கே பஹ்ரைனுக்கு ஒரு கோல், தென் கொரியாவுக்கு பெனால்டியில் ஒரு கோல். வலுவான டிஃபெண்டர் என்றீர்களே, தென் கொரியா போதாதா?

சால்ட்லேக்வாசி:
நான் வேலை நிமித்தம் கொல்கத்தாவில் பதினாறு வருடம் இருந்தவன். தம்பி ஆஃப்சைடு, முதலில் ஒரு திருத்தம். ஐரோப்பாவில் ஆடிய முதல் இந்தியர் பூட்டியா இல்லை. 1936இல் முகமது சலீம் என்ற கொல்கத்தா ஆட்டக்காரர் ஸ்காட்லாந்து போய், பூட்ஸ் போடாமல் காலில் துணிக்கட்டு மட்டும் சுற்றிக்கொண்டு செல்டிக் அணிக்கு இரண்டு ஆட்டம் ஆடியிருக்கிறார். ஊர் ஞாபகம் வந்து திரும்பிவிட்டார். ஐரோப்பியக் கிளப்போடு முறையாக ஒப்பந்தம் போட்ட முதல் ஆள் பூட்டியா, அப்படிச் சொன்னால் சரி.

இருந்தாலும் நானும் பூட்டியா பக்கம்தான், வேறு காரணத்துக்காக. 1997 ஜூலை 13, கொல்கத்தா சால்ட் லேக் மைதானம், ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதி, பூட்டியா ஆடிய ஈஸ்ட் பெங்கால் - மோகன் பகான். 1,31,000 பேர் என்று கணக்குச் சொல்வார்கள். நான் அந்தக் கூட்டத்தில் ஒருவன். உட்கார்ந்து பார்க்கவில்லை, யாருமே உட்காரவில்லை. முன்னால் நின்றவர் தோளில் கை வைத்துக்கொண்டு, பின்னால் நின்றவர் மூச்சு என் கழுத்தில் பட, அப்படித்தான் பார்த்தேன். மோகன் பகான் பயிற்சியாளர் அமல் தத்தா தன் வைர வியூகத்தைப் பற்றி நாளிதழ்களில் நாள்தோறும் பேசி, பூட்டியாவின் பெயரையே கேலி செய்திருந்தார். ஆட்டம் முடிந்தபோது ஈஸ்ட் பெங்காலுக்கு 4-1 வெற்றி, பூட்டியா ஹாட்ரிக். சிக்கிமில் டின்கிட்டாம் என்ற சின்ன ஊரில் பிறந்த இருபது வயதுப் பையன் அத்தனை சத்தத்துக்கு நடுவில் பதறாமல் பந்தை வாங்கித் திரும்பிய விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

பெரிக்குப் போனது அதற்கு இரண்டு வருடம் கழித்து. அது இங்கிலாந்தின் மூன்றாம் அடுக்கு, வழவழப்பான டிவி கால்பந்தைக் கற்பனை செய்யாதீர்கள். அழைத்துக்கொண்ட மேலாளர் நீல் வார்னாக் சில மாதங்களிலேயே ஷெஃபீல்ட் யுனைடெட்டுக்குப் போய்விட்டார். அப்புறம் முழங்கால் காயம். அப்புறம் கிளப்பே கடனில் மூழ்கியது. இதற்கு நடுவில் 37 லீக் ஆட்டம் ஆடியிருக்கிறார். கோல் மூன்றுதான், சரி. ஆனால் திரும்பி வந்தவர் போனவர் இல்லை, இதை நேரில் பார்த்துச் சொல்கிறேன். உடம்பை டிஃபெண்டர் மேல் சாய்த்துப் பந்தைக் காப்பது, ஓரத்திலிருந்து கிராஸ் பந்து வரும் முன்பே இரண்டு அடி விலகி நிற்பது, எல்லாம் அங்கே கற்றது. 2003இல் ஜகார்த்தாவில் ஆசியான் கிளப் கோப்பை இறுதியில் தாய்லாந்தின் பெக் டெரோ சசானாவை ஈஸ்ட் பெங்கால் 3-1 என்று வென்றது, பூட்டியா கோல் அடித்தார். அந்தத் தொடரில் அதிக கோலும் அவருடையதுதான், ஒன்பது. வெளிநாட்டில் அடித்த கோலை மட்டும் எண்ணினால் வெளிநாடு கொடுத்தது என்ன என்று தெரியாது.

கண்டீரவா மேற்குப் படி:
சார், அந்த ஒன்பதில் ஆறு, பிலிப்பைன்ஸ் ராணுவ அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் அடித்தது. சேத்ரி மாலத்தீவுக்கு எதிராக அடித்தால் அது சின்ன அணி, பூட்டியா ஆறு அடித்தால் வெளிநாட்டுப் பாடமா? ஒரே தராசில் வையுங்கள்.

சால்ட்லேக்வாசி:
நியாயமான கேள்வி. அந்த ஆறைக் கழித்துவிட்டே பேசலாம். இறுதி ஆட்டத்தின் கோலை மட்டும் என்னிடமிருந்து எடுக்காதீர்கள்.

ஆஃப்சைடு:
சலீம் விஷயம் எனக்குத் தெரியாது அண்ணே, திருத்தியதற்கு நன்றி.

கண்டீரவா நண்பரே, வேலை அனுமதி கதையை ஏற்கிறேன், அது அநியாயம்தான். ஆனால் ஸ்போர்ட்டிங்குக்கு என்ன சொல்வீர்கள்? அங்கே அனுமதி சிக்கல் எதுவும் இல்லை. சேத்ரியே பிற்பாடு பேட்டியில் சொல்லியிருக்கிறார், போன ஒரு வாரத்திலேயே தலைமைப் பயிற்சியாளர் நீ போதாது, பி அணிக்குப் போ என்று முகத்துக்கு நேரே சொன்னாராம், அவர் சொன்னது சரிதான் என்றும் சேத்ரி ஒத்துக்கொண்டார்.

இன்னொன்று. கடந்த பதினைந்து வருடத்தில் இந்தியாவின் சிறந்த முடிவு எது? 2019 செப்டம்பர், தோஹா, அப்போதைய ஆசிய சாம்பியன் கத்தாரோடு 0-0. அன்றைக்கு சேத்ரி காய்ச்சலில் படுத்திருந்தார். அணியைக் காப்பாற்றியது கோல்கீப்பர் குர்ப்ரீத் சிங், நார்வேயின் ஸ்டாபெக் கிளப்பில் மூன்று வருடம் இருந்து யூரோப்பா லீக் வரை ஆடிவிட்டு வந்தவர். கத்தார் மாறி மாறி அடித்துக்கொண்டே இருந்தபோது அவர் ஒருவர் நின்றாரே, அந்த நிதானம் எங்கிருந்து வந்தது? வெளிநாட்டில் ஆடியவருக்கும் ஆடாதவருக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

வியாசர்பாடி விங்கர்:
நான் பத்து வருடமாக எங்கள் பகுதிப் பையன்களுக்கு மாலை நேரத்தில் பயிற்சி கொடுக்கிறேன், அதனால் இதை வேறு பக்கத்திலிருந்து பார்க்கிறேன்.

ஸ்போர்ட்டிங் பி அணியில் அந்த வருடம் யார் யார் இருந்தார்கள் தெரியுமா? ஜோவா மாரியோ, எரிக் டயர், புரூமா. எல்லோருக்கும் பதினெட்டு, பத்தொன்பது வயது. ஜோவா மாரியோ நாலு வருடம் கழித்து போர்ச்சுகலோடு யூரோ கோப்பை வாங்கினார். அந்தப் பையன்கள் சிறு வயதிலிருந்தே அகாடமியில் வாராவாரம் போட்டி ஆடி வளர்ந்தவர்கள். சேத்ரி அங்கே போய்ச் சேர்ந்தபோது 28 வயது முடியும் தறுவாயில் இல்லை, 28 தொடங்கும் நேரம், ஒரு ஃபார்வர்டுக்கு உச்சமான வயது. ஆனாலும் பந்து காலுக்கு வரும் முன் அடுத்த பாஸை முடிவு செய்யும் பழக்கம் பத்து வயதில் ஏறினால்தான் ஏறும். 2002இல் மோகன் பகானில் நுழையும்வரை அவர் ஆடியதெல்லாம் பள்ளி, கல்லூரி வயதுப் பையன்கள் ஆடும் ஆட்டம். பத்து வயதில் அவருக்கு யார் லீக் நடத்தினார்கள்? 28 வயதில் தெரிந்த பள்ளம் பத்து வயதில் வெட்டியது.

அதையும் மீறி அவர் என்ன செய்தார் என்று பாருங்கள். உயரம் ஐந்தடி ஏழு அங்குலம்தான். அந்த உயரத்தில் எத்தனை கோல் தலையால் முட்டியிருக்கிறார்! நான் பையன்களுக்கு அந்த வீடியோக்களை நிறுத்தி நிறுத்திக் காட்டுவேன். கிராஸ் அடிக்கப் போகிறவன் தலையைக் குனியும் அந்த நொடியில் சேத்ரி டிஃபெண்டரின் முதுகுப் பக்கம் மறைந்துவிடுவார், ஒரு எட்டு பின்னால், உடனே இரண்டு எட்டு முன்னால், பந்து வந்து சேரும்போது டிஃபெண்டர் இன்னும் தரையில் நிற்பார், இவர் மேலே இருப்பார். 2018 ஜூனில் மும்பையில் அவருடைய நூறாவது ஆட்டம், கென்யா, கொட்டும் மழை. கடைசியில் வெளியே வந்த கோல்கீப்பர் தலைக்கு மேலே பந்தைத் தூக்கிப் போட்டாரே, ஈரத் தரையில் பந்து வழுக்கும் என்று தெரிந்து அடியில் மெல்ல வெட்டினார். அதை எந்த ஊரில் அடித்தாலும் அது கோல்தான்.

எனக்கு இருக்கும் கவலை வேறு. ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) கிளப்புகள் கோல் அடிப்பதற்கு வெளிநாட்டு ஸ்ட்ரைக்கரை வாங்கி வைத்துக்கொள்கின்றன. நம்முடைய ஃபார்வர்டு ஓரத்துக்குத் தள்ளப்படுகிறான், இல்லையென்றால் பெஞ்சு. இந்தியாவிலேயே ஒன்பதாம் எண்ணில், அதாவது நடு ஸ்ட்ரைக்கராக, ஆட இடமில்லாதவன் வெளிநாட்டில் யாரிடம் போய் ஸ்ட்ரைக்கர் என்று சொல்வான்? 2024-25இல் இந்தியர்களில் அதிக கோல் அடித்தவர் யார்? நாற்பது வயது சேத்ரி, 14 கோல். ஓய்வு அறிவித்த மனிதரை 2025 மார்ச்சில் திரும்பக் கூப்பிட்டார்கள், வந்த முதல் ஆட்டத்திலேயே ஷில்லாங்கில் மாலத்தீவுக்கு எதிராகத் தலையால் ஒரு கோல். எனக்கு அன்றைக்கு சந்தோஷமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

கோல்கீப்பரின் தங்கை:
இவ்வளவு பேசினீர்கள், ஆண்களைத் தாண்டவே இல்லை. பாலா தேவி என்ற மணிப்பூர்க்காரர் 2020இல் ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸ் அணியில் தொழில்முறை ஒப்பந்தம் போட்டார், அந்த டிசம்பரில் மதர்வெல் அணிக்கு எதிராக கோலும் அடித்தார். அவரும் ஃபார்வர்டுதான். போகும்போது அவருக்கு 29 வயது, சேத்ரி ஸ்போர்ட்டிங் போனதைவிட ஒரு வயது கூடுதல். அப்புறம் மனிஷா கல்யாண். 2021இல் பிரேசிலில் போய் பிரேசிலுக்கு எதிராகவே கோல் அடித்தபோது இருபது வயதுகூட ஆகவில்லை. அடுத்த வருடம் சைப்ரஸின் அப்போலோன் அணிக்காக சாம்பியன்ஸ் லீக் தகுதிச்சுற்றில் இறங்கினார், அந்த மேடையில் ஆடிய முதல் இந்தியர் அவர். வெளிநாட்டில் ஆடுவதுதான் அளவுகோல் என்று ஆஃப்சைடு நினைத்தால் பட்டியலில் முதலில் இந்த இரண்டு பேரையும் எழுத வேண்டும். நான் ஆடிய மாவட்ட அணியில் எங்களுக்கு மைதானம் கிடைப்பது பையன்கள் ஆடி முடித்து இருட்டத் தொடங்கிய பிறகுதான். மனிஷாவின் கோலை அந்த இருட்டில் ஒரே போனைச் சுற்றி நின்று பதினொரு பேர் பார்த்தோம்.

ஆஃப்சைடு:
சகோதரி, இதை நான் யோசிக்கவே இல்லை, உண்மை. மனிஷாவின் பிரேசில் கோலை இப்போதுதான் தேடிப் பார்த்தேன், பந்தை வாங்கியதும் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் ஓடுகிறார்.

கண்டீரவா மேற்குப் படி:
விங்கர் அண்ணன் சொன்னதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுதான். 2024 டிசம்பர் 7, சேத்ரியின் பெங்களூரு அணிக்கும் கேரளா பிளாஸ்டர்ஸுக்கும் ஆட்டம், பெங்களூரு கண்டீரவா மைதானத்தில் நான் என் வழக்கமான படியில் இருந்தேன். நாற்பது வயதில் ஹாட்ரிக். மூன்றாவது கோல் அடித்தபோது என் பக்கத்தில் இருந்த மஞ்சள் சட்டை கேரளப் பையன் எழுந்து கைதட்டினான். கன்சாஸில் எத்தனை நிமிடம் ஆடினார் என்று அவன் கேட்கவில்லை.

ஆஃப்சைடு:
அவன் கைதட்டியதில் எனக்கும் மகிழ்ச்சி. ஸ்போர்ட்டிங் விஷயத்தில் விங்கர் அண்ணன் சொன்ன வயதுக் கணக்கை ஏற்கிறேன், "தோற்றார்" என்று இனி எழுத மாட்டேன். பெரிய ஃபார்வர்டு பூட்டியாதான் என்பதில் மாற்றம் இல்லை. 2024 ஜூன் 6, சால்ட் லேக்கில் குவைத்தோடு சேத்ரியின் விடைபெறும் ஆட்டம், ஒரே ஒரு கோல் தேவைப்பட்ட இரவில் 0-0 என்று முடிந்து சேத்ரி அழுதுகொண்டே சுற்றி வந்தாரே, நானும் அழுதேன். ஆனால் அன்று தொண்ணூறு நிமிடமும் பாக்ஸுக்குள் டிஃபெண்டர் மேல் சாய்ந்து நின்று பந்தைக் காக்க ஒரு ஆள் இல்லை என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். சால்ட்லேக் அண்ணே, அந்த 97 ஆட்டத்தின் மூன்றாவது கோல் எப்படி வந்தது என்று நேரம் இருக்கும்போது எழுதுங்கள்.