4294967297-இன் காரணிகளைக் கையால் கணக்கிட்டுக் கண்டறிய முடியுமா?

கேள்வி:
வணக்கம். 2-இன் 32-ஆம் அடுக்குடன் 1-ஐக் கூட்டினால் 4294967297 கிடைக்கிறது. இதன் இலக்கங்களைக் கூட்டினால் 59 வருவதால் 3 இதை வகுக்காது. 100-க்கு உட்பட்ட மற்றப் பகா எண்களாலும் வகுத்துப் பார்த்தேன், ஒவ்வொரு முறையும் மீதி வந்தது. இதன் வர்க்கமூலம் 65536-ஐ ஒட்டியிருப்பதால், இப்படியே போனால் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பகா எண்களைச் சோதிக்க வேண்டும். ஃபெர்மா இதைப் பகா எண் என்று நம்பியதையும், 641 இதை வகுக்கும் என்று ஆய்லர் 1732-இல் அறிவித்ததையும் படித்திருக்கிறேன். கணினி இல்லாத காலத்தில் அந்த 641-ஐ அவர் எப்படி எட்டியிருக்க முடியும்?

பதில் 1:
எல்லாப் பகா எண்களையும் சோதிக்கத் தேவையில்லை. ஒரு பகா எண் இதை வகுக்குமானால், அந்தப் பகா எண்ணால் வகுக்கும்போது 2³² மீதி −1 தரும் (அதாவது 1 கூட்டினால் மீதியின்றி வகுபடும்), 2⁶⁴ மீதி 1 தரும். மீதி 1 முதன்முதலாக வருவதும் அந்த 64-ஆம் அடுக்கில்தான். ஃபெர்மாவின் சிறு தேற்றத்தின்படி, அந்தப் பகா எண்ணில் ஒன்றைக் குறைத்து வரும் எண்ணை அடுக்காக வைத்தாலும் 2-க்கு மீதி 1 வரும்; ஆகவே அந்த எண் 64-இன் மடங்காகவே இருக்க வேண்டும். இந்த வடிவில் அமையும் பகா எண்கள் 193, 257, 449, 577, 641 என்று வருகின்றன. ஐந்தாவதிலேயே விடை கிடைத்துவிடுகிறது. ஆய்லர் இக்காரணத்தைப் பிற்பாடு எழுதிய கட்டுரையில்தான் விளக்கினார். 19-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கணிதவியலாளர் லூக்கா, அது 128-இன் மடங்காகவே இருக்க வேண்டும் என்று காட்டி, 64-ஐ 128 ஆக்கினார். அதன்பின் 641-க்கு முன் எஞ்சுவது 257 மட்டுமே.

பதில் 2:
வகுத்தலே இல்லாமலும் இதைக் காட்டலாம்; எனக்கு மிகவும் பிடித்த நிறுவல் இது. 641 = 5×2⁷ + 1 என்பதால், 5×2⁷-ஐ 641-ஆல் வகுத்தால் மீதி −1; அதன் நான்காம் அடுக்கான 5⁴×2²⁸-க்கு மீதி 1. மறுபுறம் 641 = 5⁴ + 2⁴ என்பதால், 5⁴ இருக்கும் இடத்தில் −2⁴ என்று எழுதிக்கொள்ளலாம். அப்போது −2³²-க்கு மீதி 1 ஆகிறது. அதாவது 2³² + 1-ஐ 641 மீதியின்றி வகுக்கிறது.

இன்னொரு பண்பும் இதற்கு உண்டு. இரு வர்க்கங்களின் கூடுதலாக இதை 65536² + 1² என்றும், 62264² + 20449² என்றும் இரு விதமாக எழுதலாம். ஒரு பகா எண்ணை அவ்வாறு எழுத ஒரு வழிக்கு மேல் இருக்க முடியாது என்பதால், காரணி எதுவென்று தெரியாமலே இது பகு எண் என்று சொல்லிவிடலாம்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. 641-ஆல் வகுத்தால் ஈவு 6700417 வருகிறது. அது பகா எண்தானா என்பதையும் கையால் உறுதி செய்ய இயலுமா?

பதில் 1:
இயலும். அதன் வர்க்கமூலம் 2589-க்குள் அடங்குகிறது. அதன் பகாக் காரணிகளும் அதே 128-இன் மடங்கைவிட ஒன்று கூடிய வடிவில்தான் இருக்க வேண்டும். அந்த எல்லைக்குள் அத்தகைய பகா எண்கள் 257, 641, 769, 1153, 1409 ஆகிய ஐந்தே. இவற்றில் 257 என்பது 2⁸ + 1; 2⁸-க்கு மீதி −1 என்றால் 2³²-க்கு மீதி 1 ஆகிவிடும் என்பதால் அதை நீக்கிவிடலாம். மற்ற நான்கால் 6700417-ஐ வகுத்தால் முறையே 44, 120, 334, 622 என்று மீதி வருகிறது. ஆகவே அது பகா எண்தான்.