இந்தியர் தெருவில் ஹாலோவீனுக்கு ஈ காக்கை வராதா? எங்கள் வீட்டுக்கு 412 பேர்!

எடிசன்வாசி:
பிள்ளைகள் வேஷம் போட்டு வீடு வீடாக மிட்டாய் கேட்டு வரும் ஹாலோவீனைப் பற்றி நேற்று வேறொரு இழையில் ஒருவர் திருவாய் மலர்ந்திருந்தார்: "நம்மவர்கள் நிறைய இருக்கும் தெருக்களில் ஹாலோவீனுக்கு ஈ காக்கை வராது. வெள்ளைக்காரர் தெருவுக்குக் கூட்டிப்போனால்தான் பிள்ளைகளுக்குப் பை நிறையும்." படித்ததிலிருந்து எனக்கு வயிறு எரிகிறது.

நான் இருப்பது நியூ ஜெர்சி எடிசனில், இந்தியக் கடைகள் நிறைந்த ஓக் ட்ரீ சாலையிலிருந்து காரில் பத்து நிமிடம். தெருவில் முக்கால்வாசி நம் ஆட்கள். இந்த 2024-இல் தீபாவளியும் ஹாலோவீனும் ஒரே நாளில், அக்டோபர் 31 வியாழக்கிழமை வந்தன. என் அம்மாவுக்குச் சீராக வந்த எவர்சில்வர் அண்டா ஒன்று, அவர் பெயர் பொறித்தது, பெட்டியோடு இங்கே வந்து சேர்ந்தது. அதில் 450 கேண்டி கொட்டி வாசலில் உட்கார்ந்தேன். ஐந்தரைக்குத் தேனீ உடையில் ஒரு வாண்டு தொடங்கி வைத்தது. இறக்கை ஒன்று கழன்று தொங்குகிறது, அது பாட்டுக்கு நிற்கிறது. அதன்பின் கூட்டம் ஓயவில்லை. ஒன்பது மணிக்கு அண்டாவில் 38 மிச்சம். கழித்துக்கொள்ளுங்கள். நானூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள். ஈயும் காக்கையும் எங்கே என்று அந்த நண்பர் வந்து சொல்லட்டும்.

கணக்குப்பிள்ளை:
கழித்துக்கொண்டேன். 412 கேண்டி போயிருக்கிறது. பிள்ளைகள் எத்தனை பேர்?

எடிசன்வாசி:
ஆளுக்கு ஒன்று, நானே கையில் எடுத்துக் கொடுத்தேன்.

கணக்குப்பிள்ளை:
மூன்றரை மணி நேரமும் நீங்களேதானா? தீபாவளி அன்று வீட்டுக்குள் போகவே இல்லையா?

எடிசன்வாசி:
பக்கத்து வீட்டு குஜராத்திக் குடும்பம் லட்சுமி பூஜைக்குக் கூப்பிட்டது. ஏழு மணியிலிருந்து ஏழே முக்கால் வரை, ஒரு 40 நிமிடம் போய் வந்தேன். அண்டா வாசலிலேயே இருந்தது. 'ஒன்று மட்டும் எடுக்கவும்' என்று எழுதி ஒட்டியிருந்தேன்.

கணக்குப்பிள்ளை:
40 நிமிடம்.

ஏழிலிருந்து ஏழே முக்கால் என்றால் 45 என்பது ஒருபக்கம் இருக்கட்டும். ஹாலோவீன் அன்று உச்ச நேரம் எது? ஆறிலிருந்து எட்டு. நம் நியூ ஜெர்சியில் அன்றைக்கு ஆறு மணிக்குச் சற்று முன்பே சூரியன் மறைந்துவிடும், பெரிய பிள்ளைகள் அதற்கப்புறம்தான் கிளம்புவார்கள். சரியாக அந்த நேரத்தில் ஆளில்லாத அண்டாவைத் திறந்து வைத்துவிட்டுப் பக்கத்து வீட்டில் ஆரத்தி எடுத்துக்கொண்டிருந்திருக்கிறீர்கள். எட்டாம் வகுப்புப் பையன்கள் நான்கு பேர் வந்து தலையணை உறையை விரித்தால் போதும், அதில் 150 போய்விடும். அது நாலு பேரா, 150 பேரா?

ஃப்ரிஸ்கோ வெயில்:
ஹாஹா. எடிசன்வாசி ஐயாவின் கணக்கு எனக்குப் பழக்கம்தான். ஏப்ரல் 8 சூரிய கிரகணத்தின்போது டெக்சாஸில் எங்கள் ஊர் முழுசாக இருட்டியது. அவர் ஊரில் சுமார் 90 சதவீதம். "ஏறக்குறைய முழுக் கிரகணம்தான்" என்று மூன்று பக்கம் எழுதினார். 412-உம் ஏறக்குறைய 412-ஆக இருக்கும்.

எங்கள் குடியிருப்பில் நடைபாதை உண்டு, வீடுகள் நெருக்கமாக உண்டு. ஆனாலும் வருகிறவர்களில் பாதிப் பேர் வெளியூர். வேனில் வந்து இறங்கி, ஒரு சுற்று அடித்துவிட்டு ஏறிப் போகிறார்கள்.

எடிசன்வாசி:
கிரகணத்தை ஏன் இழுக்கிறீர்கள்? ஏழு மாதமாக மனசில் வைத்திருக்கிறீர்களா?

ஃப்ரிஸ்கோ வெயில்:
ஏழு மாதம் எல்லாம் இல்லை. ஆறு மாதமும் இருபத்தைந்து நாளும். ஏறக்குறைய.

புதிதாக வந்தவன்:
வணக்கம். முதல் பதிவு. ஒரு சந்தேகம்: ஒரே பிள்ளை இரண்டு முறை வந்தால் ஒன்றா இரண்டா? அப்பா தூக்கிக்கொண்டு வரும் கைக்குழந்தை கணக்கில் சேர்த்தியா? உடை போடாமல் பையை மட்டும் நீட்டுகிறவர்களை என்ன செய்வது? இதை முதலில் முடிவு செய்துகொண்டால் எல்லோரும் ஒரே மாதிரி எண்ணலாமே.

கணக்குப்பிள்ளை:
தம்பி, அதெல்லாம் அப்புறம். முதலில் அந்த 40 நிமிடம்.

ஃப்ரீமான்ட் அக்கா:
நான் கலிபோர்னியா. அந்த இழையில் அவர் சொன்னது முழுத் தவறும் இல்லை, முழுச் சரியும் இல்லை. எங்கள் தெருவில் நம் ஆட்கள்தான் அதிகம், போன வருடம் எண்பது பேர் வந்தார்கள். இந்த வருடம் முப்பதைத் தாண்டவில்லை. காரணம் எளிது. அரைவாசி வீடு தீபாவளிக்கு நண்பர் வீட்டிலோ கோவிலிலோ இருந்தது. வாசல் விளக்கு எரிந்தால் கேண்டி உண்டு, அணைத்திருந்தால் தட்டாதே என்பதுதானே இங்கே எழுதாத சட்டம்? இந்த வருடம் ஆளில்லாத வீட்டு வாசலில் எல்லாம் சீரியல் பல்பும் மண் விளக்கும் (பேட்டரி விளக்குத்தான்) ஜொலிக்கிறது. பாவம், எதிர்வீட்டு வாசலில் ஒரு குட்டிச் சூனியக்காரி மணியை அடித்து அடித்துப் பார்த்துவிட்டு, ரங்கோலியை மிதிக்காமல் சுற்றி நடந்து திரும்பிப் போனாள்.

கூட்டம் பார்க்க வேண்டுமென்றால் பாலோ ஆல்டோ வேவர்லி தெருவுக்குப் போங்கள். ஸ்டீவ் ஜாப்ஸ் வீட்டை ஹாலோவீனுக்கு அலங்கரிப்பது அங்கே வழக்கம். ஒரு வருடம் பிள்ளைகளைக் கூட்டிப் போனேன், வரிசை திருப்பதி மாதிரி.

எடிசன்வாசி:
அக்கா, அப்போது நீங்களும் வேனில் வந்து இறங்கிய வெளியூர்தானே? ஃப்ரிஸ்கோக்காரர் உங்களைத்தான் சொல்கிறார்.

ஃப்ரீமான்ட் அக்கா:
நான் வந்தது என் காரில். அது பார்க்க. பறிக்க இல்லை. பேசுவதைப் பார்த்துப் பேசுங்கள்.

வடை கிடைக்குமா:
அயோவா மாநிலத்து டெமாய்னில் இரண்டு வருடம் இருந்தேன். அங்கே அப்போது அக்டோபர் 30 அன்றுதான் வழக்கமாக இருந்தது, 'பெகர்ஸ் நைட்' என்பார்கள். 1938-இல் தொடங்கியதாம். பிள்ளை ஒரு ஜோக் சொன்னால்தான் கேண்டி. அதனால் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நிமிடமாவது ஆகும், எண்ணுவது சுலபம். எடிசன் மாதிரி அண்டாவைத் திறந்து வைத்துவிட்டுப் போக முடியாது. அண்டாவுக்கு யார் ஜோக் சொல்வது?

கணக்குப்பிள்ளை:
அருமை. இதைத்தான் சொல்கிறேன். எண்ணுகிறவன் வாசலில் இருக்க வேண்டும். நான் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன். நாலு கோடு, குறுக்கே ஒரு கோடு, ஐந்து. அரை மணிக்கு ஒரு வரி. 2011 முதல் உண்டு. அந்த வருடம் ஹாலோவீனுக்கு இரண்டு நாள் முன்னால் பனி கொட்டி, மரம் விழுந்து, கரண்ட் போய், பல ஊர்களில் தள்ளி வைத்தார்கள். 2012-இல் சாண்டி புயல், அன்றைய ஆளுநர் கிறிஸ்டி உத்தரவு போட்டு நவம்பர் 5-க்கு மாற்றினார். இரண்டு வருடத்துக்கும் என் நோட்டில் குறிப்பு இருக்கிறது. உங்களிடம் என்ன இருக்கிறது? ஓர் அண்டா.

எடிசன்வாசி:
அண்டாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதீர்கள். சரி, 13 வருட நோட்டு. இந்த வருடம் எத்தனை கோடு ஐயா?

கணக்குப்பிள்ளை:
கேள்வி என் வீட்டைப் பற்றியது அல்ல.

எடிசன்வாசி:
எத்தனை கோடு?

கணக்குப்பிள்ளை:
நான் பிளெயின்ஸ்பரோவில் அடுக்குமாடிக் குடியிருப்பில் மூன்றாம் மாடியில் இருக்கிறேன். ஒப்பிட முடியாது. 11. ஆனால் பதினொன்றும் பதினொரு பிள்ளைகள். எனக்கு 40 நிமிட ஓட்டை கிடையாது.

ஃப்ரிஸ்கோ வெயில்:
பதினொன்றை எண்ண நோட்டு எதற்கு சார்? விரல் போதாமல் ஒன்று மிஞ்சியதாலா?

புதிதாக வந்தவன்:
மாடிக்கு 11, தனி வீட்டுக்கு நூற்றுக்கணக்கில் என்றால் அதற்கு ஆட்கள் யார் என்பது காரணமாக இருக்க முடியாதே? வாசலுக்கு வாசல் எவ்வளவு தூரம் என்பதுதானே விஷயம். வீடு விற்பனை இணையதளமான சில்லோ நிறுவனம் முன்பு மிட்டாய்க்கு ஏற்ற ஊர் எது என்று வருடா வருடம் பட்டியல் போட்டது. அதில் வீட்டு விலையோடு வீடுகளின் நெருக்கம், நடக்க வசதி, குற்றங்கள் எல்லாவற்றையும் பார்த்தார்கள். அரை ஏக்கருக்கு ஒரு வீடு என்றால் எந்தக் குழந்தை நடக்கும்? அப்புறம் தெருவின் வயசு. பிள்ளைகள் கல்லூரிக்குப் போய்விட்ட தெருவில் யார் வருவார்கள்?

வடை கிடைக்குமா:
புதிதாக வந்தவன் இப்படி நியாயமாகப் பேசினால் இந்த இடத்தில் தாக்குப்பிடிக்க மாட்டார்.

ஃப்ரீமான்ட் அக்கா:
எடிசன்வாசி, அண்டாவில் என்ன போட்டீர்கள் என்று சொல்லவே இல்லையே?

எடிசன்வாசி:
சாக்லேட்தான். கோகோ இந்த வருடம் டன்னுக்கு 10,000 டாலரைத் தாண்டிய பிறகும் சாக்லேட்தான். தீபாவளி என்பதால் நூறு கடலை மிட்டாயும் கலந்தேன், ஒவ்வொன்றும் தனி உறை.

ஃப்ரீமான்ட் அக்கா:
கடலையா?! வேர்க்கடலை ஒவ்வாமை உள்ள குழந்தை கையை விட்டால்? நீலமும் இல்லாமல் பச்சையும் இல்லாமல் நீலப்பச்சையில் பூசணிக்காய் வைப்பார்களே, தின்பண்டம் அல்லாத பொருளும் இங்கே உண்டு என்று காட்ட, 2014-இலிருந்து நாடு முழுக்க நடக்கிறது. நீங்கள் பார்த்ததே இல்லையா? எங்கள் வீட்டில் ஸ்டிக்கரும் பென்சிலும் தனிக் கூடையில் வைக்கிறேன்.

எடிசன்வாசி:
சாக்லேட்டில் பாதி வகையில் கடலை இருக்கிறது, அதற்கு ஒன்றும் சொல்ல மாட்டீர்கள். நம் ஊர்க் கடலை மிட்டாய் என்றதும் ஆபத்து வந்துவிட்டது. பென்சில் கொடுக்கிற வீட்டுக்கு முப்பது பேர் வந்ததே அதிகம்.

ஃப்ரீமான்ட் அக்கா:
இனி உங்கள் பதிவுக்குப் பதில் சொல்ல மாட்டேன்.

கணக்குப்பிள்ளை:
நல்ல சாட்சியம் கிடைத்தது. 450-இல் நூறு கடலை மிட்டாய். மிச்சம் இருந்த 38-இல் கடலை மிட்டாய் எத்தனை?

எடிசன்வாசி:
...31.

கணக்குப்பிள்ளை:
ஆக, ஆளில்லாத நேரத்தில் வந்தவர்கள் சாக்லேட்டைப் பொறுக்கி எடுத்துவிட்டுக் கடலையை விட்டிருக்கிறார்கள். பொறுக்குகிறவன் ஒன்றோடு நிறுத்துவானா? இந்த 40 நிமிடத்தில்தான் உங்கள் 412 கட்டப்பட்டிருக்கிறது.

எடிசன்வாசி:
கடலை மிட்டாய் அடியில் இருந்தது! அண்டா ஆழம்! மேலே இருப்பதைத்தானே எடுப்பார்கள்? அடியில் பாட்டி பெயர் பொறித்த இடம் தெரிந்ததே எட்டரை மணிக்குத்தான்.

ஃப்ரிஸ்கோ வெயில்:
முதல் பதிவில் அம்மா பெயர். இப்போது பாட்டி பெயர்.

எடிசன்வாசி:
இரண்டு பெயரும் உண்டு. விளிம்பில் அம்மா, அடியில் பாட்டி. உங்கள் வீட்டுப் பாத்திரத்தில் கடைப் பெயர்தான் இருக்கும், அதனால் புரியாது.

வடை கிடைக்குமா:
பெரிய பையன்கள் வருவதைத் தடுத்தால் இந்தப் பிரச்சினையே இல்லை. வர்ஜீனியாவில் செசபீக் என்ற ஊரில் 12 வயதுக்கு மேல் போனால் சிறை என்றே சட்டம் இருந்தது. 2019-இல்தான் சிறையை எடுத்துவிட்டு வயதை 14 ஆக்கினார்கள்.

ஃப்ரிஸ்கோ வெயில்:
மிட்டாய் கேட்ட பிள்ளைக்குச் சிறையா? என் மகனுக்குப் பதினைந்து. இந்த வருடமும் போனான். வெள்ளை வேட்டியைப் போர்த்திக்கொண்டு பேயாகப் போனான். கேட்டு வாங்குகிறவன் என்ன, கொள்ளையா அடிக்கிறான்?

வடை கிடைக்குமா:
பதினைந்து வயதுக்கு வேட்டி கட்டத்தான் வேண்டும், போர்த்தக் கூடாது.

ஃப்ரிஸ்கோ வெயில்:
என் மகனைப் பற்றிப் பேச உங்களுக்கு உரிமை கிடையாது. முன்பு சாம்பார் இழையிலும் நீங்கள்தான் தொடங்கினீர்கள்.

எடிசன்வாசி:
எல்லோரும் கொஞ்சம் நிறுத்துங்கள். வாசல் மணிக் கேமராவைப் பார்த்தேன். கணக்குப்பிள்ளை வாயை அடைக்கத்தான். ஏழு மணிக்கு அப்புறம் 63 பதிவுகள் இருக்கின்றன. ஒவ்வொரு பதிவிலும் கும்பல் கும்பலாகப் பிள்ளைகள்.

கணக்குப்பிள்ளை:
அசைவு தெரிந்தால் பதியும் கேமரா. தோரணம் காற்றில் ஆடினாலும் பதியும். 63-இல் தோரணம் எத்தனை?

எடிசன்வாசி:
அது பிளாஸ்டிக் தோரணம். அவ்வளவாக ஆடாது.

கணக்குப்பிள்ளை:
அவ்வளவாக.

புதிதாக வந்தவன்:
அந்த 63 பதிவையும் ஓட்டிப் பார்த்துத் தலைகளை எண்ணிவிட்டால் முடிந்ததே?

எடிசன்வாசி:
நான் ஏன் எண்ண வேண்டும்? நான் 412 என்று சொல்லிவிட்டேன். சந்தேகப்படுகிறவர் வந்து எண்ணட்டும். பிளெயின்ஸ்பரோவிலிருந்து அரை மணி நேரம்தான். டீ தருகிறேன்.

கணக்குப்பிள்ளை:
வருகிறேன், ஆனால் கேமராவுக்காக இல்லை. அந்த அண்டாவில் 450 கொள்ளுமா என்பதே எனக்கு இப்போது சந்தேகமாக இருக்கிறது. எத்தனை லிட்டர்?

எடிசன்வாசி:
இருபது.

கணக்குப்பிள்ளை:
விளிம்பு வரையா, கழுத்து வரையா?