கருஞ்சிவப்பு, கரிச்சாம்பல், பாசிப்பச்சை: மூன்றையும் எப்படிப் பங்கிடுவது?

கேள்வி:
வணக்கம். ஓர் ஆடை நிறுவனத்தின் சின்னம், அட்டைப்பெட்டி, உடைகள் ஆகிய அனைத்துக்கும் இந்த மூன்று ஆழ்ந்த நிறங்களையே தேர்ந்தெடுத்திருக்கிறேன். தனித்தனியே அழகாக இருப்பவை, அருகருகே வைத்ததும் ஒரே இருட்டாகக் கலந்துவிடுகின்றன. எங்கே தவறுகிறேன்?

மறுமொழி 1:
நிறத்தேர்வு நன்றாகவே இருக்கிறது. மூன்றும் ஏறக்குறைய ஒரே ஒளிர்வில் இருப்பதுதான் சிக்கல் என்று நினைக்கிறேன். படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். மூன்று கட்டங்களும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால், பாசிப்பச்சையை மட்டும் நன்றாக வெளுக்கச் செய்து, கரிச்சாம்பலுக்கு 60, கருஞ்சிவப்புக்கு 30, வெளுத்த பச்சைக்கு 10 விழுக்காடு என்று பங்கிடலாம். கரிச்சாம்பல்மேல் கருஞ்சிவப்பு எழுத்து மட்டும் வேண்டாம். பார்வைக் குறைபாடு உள்ளவர்களும் படிக்க உதவும் இணைய அணுகல் நெறிமுறையின் (WCAG) இடைநிலையான AA, சாதாரண அளவு எழுத்துக்கும் அதன் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 ஒளிர்வு விகிதத்தைக் கேட்கிறது.

மறுமொழி 2:
துணியையும் கவனியுங்கள். ஒரே கருஞ்சிவப்பு, வெல்வெட்டின் இழைகளுக்குள் ஒளி சிக்குவதால் கறுப்பை நெருங்கும். சாட்டினில் மடிப்பின் விளிம்பெல்லாம் பளிச்சென்று சிவக்கும். ஆகவே உடையில் நிறத்தை மாற்றாமல், நெசவை மாற்றியே வேறுபாடு காட்டலாம். சாயமிட்ட துணியும் அச்சிட்ட பெட்டியும் விளக்கொளியில் பொருந்திப் பகலொளியில் பொருந்தாமல் போகக்கூடும் என்பதால், இரண்டு ஒளியிலும் ஒப்பிட்ட பிறகே ஒப்புதல் கொடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. கறுப்பு வெள்ளையில் மூன்றும் ஒன்றாகவே தெரிந்தன. பச்சையை வெளுக்கச் செய்ததும் சின்னத்தின் கோடுகள் தெளிந்துவிட்டன.